பன்னிரண்டாம் மூச்சு

ஓணான்கரடு என்று ஒரு குன்று, குன்றின் அடியில் கரட்டடி என்று ஒரு ஊர், ஊரின் கிழக்குக் கடைசி வீட்டில் பொன்னுரங்கம் என்று ஒருவர். முப்பத்து நான்கு வருஷம் நூல் மில்லில் மூட்டை கட்டும் இடத்தில் நின்று, மூட்டைக்கு இருபத்து நான்கு நூல் சுற்றிய கோன் என்று எண்ணிப் போட்டு, ஒரு மூட்டையிலும் ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் வேலையை முடித்துவிட்டு, கடைசி நாளில் போர்த்திய சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். எண்ணிக்கையைத் தவிர வேறு பேச்சு அவருக்குச் சரளமாக வராது. நாலு பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்கமாட்டார்.

அவர் மனைவி குருவம்மாளும் அதே மில்லில்தான் பஞ்சு பிரிக்கும் கூடத்தில் பத்தொன்பது வருஷம் இருந்தாள். அந்தக் கூடத்தில் சன்னல் வழியாக வெயில் விழுந்தால் வெயிலே வெள்ளையாகப் பறக்கும். பத்தொன்பது வருஷத்துப் பஞ்சில் கொஞ்சம் அவள் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. வீட்டிலிருந்து தெருக்குழாய்க்கு அறுபத்தாறு காலடி. அதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிட்டுத்தான் போவாள்.

கார்த்திகைத் தீபத்தன்று கரட்டு உச்சியில் இருக்கிற கொப்பரையில் விளக்கு ஏற்றுவது அந்த ஊர் வழக்கம். திரி போடும் வீடுகள் நூற்று அறுபத்து நான்கு. திரியைத் திரித்த கைதான் அதைக் கொண்டுபோய்க் கொப்பரைக்கு நடுவில் போட வேண்டும். வேறு கையில் கொடுத்துவிட்டால் அதையும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் விளிம்பில் போடுவார்கள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து குருவம்மாள் நடுவில் போட்டாள். நெஞ்சு கெட்ட பிறகு ஒன்பது வருஷமாக ஆடு மேய்க்கும் மூக்காயியிடம் கொடுத்தனுப்பினாள். போன வருஷம் விளிம்பில் கிடந்த அவளுடைய திரியில் தீ ஏறவில்லை. மறுநாள் மூக்காயி அதை வெள்ளை வெளேரென்று அப்படியே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். குருவம்மாள் வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகு வந்த நாலு நாளும் அந்த வீட்டில் சாப்பாட்டில் உப்பு குறைவாக இருந்தது என்பது பொன்னுரங்கத்துக்குத் தெரியும்.

அவருக்குத் தெரிந்தது இன்னொன்றும் உண்டு. தினமும் விடியற்காலம் ஐந்து மணிக்கு, குருவம்மாள் கண் திறப்பதற்கு முன்னால், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைச் சத்தமில்லாமல் போட்டு உட்கார்ந்து, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்துக்கு அவள் எத்தனை மூச்சு விடுகிறாள் என்று எண்ணுவார். எண்ணி நோட்டில் எழுதுவார். இருபது. சில நாள் இருபத்தொன்று. ஒன்பது வருஷத்தில் அதற்கு மேல் போனதே இல்லை. டவுன் டாக்டரம்மா எண்ணும்போது மட்டும் இருபத்தெட்டு வரும், ஒருமுறை முப்பது வந்தது. டாக்டரம்மா வாசலில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், அவசரத்தில் எண்ணினால் அப்படித்தான் வரும் என்று பொன்னுரங்கம் தனக்குள் முடிவு செய்துகொண்டார். இப்படி எண்ணுவதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. குருவம்மாளிடமும்தான்.

இப்படி இருக்கையில் ஆடி பிறந்த வாரத்தில் அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று அதே டாக்டரம்மா சொல்லி, தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். முதல் நாள் தார் ரோட்டில் நடந்தார். போகவர பதினொரு பேர் "எங்கண்ணே கெளம்பிட்டீக?" என்று கேட்டார்கள், பதினொரு பேருக்கும் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் அவர் கரட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். அங்கே கேட்க ஆளில்லை.

ஆடி மூன்றாம் தேதி ரப்பர் செருப்போடு ஏறினார்; ஓடைக்கல்லில் வழுக்கி உட்கார்ந்தார். நான்காம் தேதி டவுனில் கான்வாஸ் ஷூ வாங்கி, புது ஷூவை வீட்டுக்குள் ஒரு நாள்கூடப் போட்டுப் பார்க்காமல் நேரே போட்டுக்கொண்டு ஏறி, இரண்டு குதிகாலிலும் கொப்புளத்தோடு இறங்கினார். ஐந்தாம் தேதி ஒரு பாட்டில் தண்ணீரை அடிவாரத்திலேயே குடித்துவிட்டு வயிறு குலுங்க ஏறினார். ஆறாம் தேதி உச்சியைப் பார்த்துக்கொண்டே ஏறியதில் உச்சி கிட்ட வரவே மாட்டேன் என்றது. ஏழாம் தேதிதான் தலையைக் குனிந்து எதிரே இருக்கிற நாலு முழத்தை மட்டும் பார்த்து ஏற வேண்டும் என்று தெரிந்துகொண்டார். ஏறும்போது வலிப்பது நெஞ்சு, இறங்கும்போது வலிப்பது முட்டி. இறங்கும்போது காலை விறைக்காமல் கொஞ்சம் மடக்கி வைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை, முட்டியே சொல்லித் தந்தது.

அந்த வாரம் முழுக்க, மூச்சு வாங்க நின்ற ஆறாவது இடத்துக்கு மேலே அவர் போகவில்லை. வீட்டில் குருவம்மாள் கேட்டபோது மட்டும் "உச்சி வரைக்கும் போயிட்டேன்" என்று சொல்லிவிட்டார். எண்ணிக்கையில் பொய் சொல்லாதவர், இதில் சொன்னார்.

ஒன்பதாம் நாள் நிஜமாகவே உச்சிக்குப் போனார். ஆயிரத்து எண்ணூற்று அறுபது காலடி, மூச்சு வாங்க நின்ற இடங்கள் பதினேழு. நோட்டில் எழுதினார். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் நிற்பது குறைந்தது. நேற்று நின்ற இடத்துக்கு இன்று வந்து சேரும்போது அங்கே ஏதோ ஒன்று இளஞ்சூடாகக் காத்திருப்பது போலவும், வேப்பங்குச்சி வாசத்தோடு அது மூக்கில் ஏறி நெஞ்சு நிறைவது போலவும் இருந்தது. வேப்பங்குச்சியில் பல் துலக்குகிறவர் அவர். தன்னுடைய மூச்சுத்தான் விட்ட இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்று அவர் இரண்டாம் நாளே கண்டுகொண்டார். கண்டுகொண்டதைப் பற்றி யாரிடம் பேசுவது என்று தெரியாததால் பேசவில்லை.

ஊருக்குச் சொன்னது மூக்காயி. இருபத்திரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு மூன்றாம் வளைவில் இடுப்பைப் பிடித்து நின்றவள், போகும்போது இருந்த அலுப்பு இல்லாமல் இறங்கி வந்து தங்கமுடி டீக்கடை வாசலில் ஆடுகளை நிறுத்தினாள்.

"இருபத்திரண்டு ஆடு. எண்பத்தெட்டு காலு. நாப்பத்து நாலு கொம்பு, அதுல மூணு ஒடிஞ்சது" என்றாள்.

"என்ன மூக்காயி, சந்தைக்குப் பத்துறியா?" என்று கேட்டார் தங்கமுடி.

"நான் எங்க எண்ணுறேன். அதுவா வருது. மூணாம் வளைவுல பொன்னுரங்கண்ணன் மூச்சு நிக்குது. தெரியாம உள்ள வாங்கிட்டேன். அதுலேருந்து கண்ணுல பட்டதெல்லாம் கணக்கா வருது."

தங்கமுடி டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "மனுசன் விட்ட மூச்சு வேற எங்க போகும்? அவருக்கு வீட்டுல வேலை இருக்கு, எறங்கி வந்துட்டாரு. அதுக்கு என்ன வேலை இருக்கு, அங்கயே நின்னுருச்சு" என்றார். கடையில் இருந்த ஆறு பேரும் அது சரிதான் என்றார்கள்.

மறுநாள் எட்டுப் பேர் கரட்டில் ஏறினார்கள், அதற்கு மறுநாள் முப்பது பேர். வாரம் முடிவதற்குள் ஊருக்கு அதன் ஒழுங்கு முழுக்கப் பிடிபட்டுவிட்டது. நிஜமாகவே முடியாமல் நின்றால்தான் மூச்சு நிற்கும். ஒரு மூச்சு ஒருவருக்குத்தான், வாங்கினால் தீர்ந்தது. வாங்கினவருக்கு நூறு காலடிக்குக் களைப்பு இருக்காது, ஆனால் விட்டவருடைய குணத்தில் ஒரு சிட்டிகையும், விட்ட நேரத்தில் அவர் நினைத்திருந்த நினைப்பும் கூடவே வரும். பெரும்பாலும் அரை நாளில் போய்விடும், சிலருக்கு ஒட்டிக்கொள்ளும். தங்கமுடிக்கு ஒட்டிக்கொண்டது. பொன்னுரங்கத்தின் மூச்சு ஒன்றை ஆவணி முதல் வாரத்தில் வாங்கியவர், அன்றிலிருந்து கண்ணாடி டம்ளர்களை எண்ணி அடுக்காமல் கடை சாத்துவதில்லை.

டெய்லர் சவரிமுத்து நின்ற இடத்தில் மூச்சு வாங்கியவர்கள் எதிரே வருகிறவரைப் பார்த்து "மார்பு முப்பத்தெட்டு, கை பத்தரை" என்றார்கள். கிராம அலுவலகத்துத் தலையாரி நின்ற இடத்தில் வாங்கியவர்கள் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று பாதி வழியில் இறங்கிவிட்டதால் அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை. யார் மூச்சை யார் வாங்குவது என்ற பேச்சும் இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் மேலத்தெருப் பெரியவர் ஒருவர் ஏழாம் வளைவில் கண் செருகி நின்றபோது கிடைத்தது மூக்காயியின் மூச்சு. வாங்கிக்கொண்டு இறங்கியவர் நேரே போய், பூட்டி வைத்திருந்த தன் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை அவளுடைய ஆடுகளுக்குத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆறு வருஷமாகப் பேசாத இரண்டு ஓரகத்திகளில் ஒருத்தி மற்றவளின் மூச்சைத் தவறுதலாக வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போய், எடுத்து ஒளித்து வைத்திருந்த ஆட்டுக்கல் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். நிற்காமல் ஓடி ஏறுகிற இளவட்டங்கள் மட்டும் ஒரு மூச்சும் விட்டுவைக்கவில்லை. அவர்களை ஊர் முன்போல் மெச்சவில்லை.

பொன்னுரங்கம் மட்டும் ஊர் ஏறுவதற்கு முன்னாலேயே ஏறி இறங்கிவிடுவார். புரட்டாசி முடியும்போது அவர் நிற்பது நாலு இடமாகிவிட்டது. ஐப்பசி ஏழாம் தேதி ஒரு இடத்திலும் நிற்காமல் உச்சிக்குப் போய், நோட்டில் பூஜ்யம் என்று எழுதி, அதற்குக் கீழே சின்னதாக ஒரு கோடும் போட்டார்.

அன்றைக்குத்தான் குருவம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "ஏங்க, மூச்சு நிக்குதாமுல்ல மேல. அப்படின்னா இந்தக் கார்த்திகைக்கு நானே திரி கொண்டுபோகலாம்ல?"

பொன்னுரங்கம் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆயிரத்து எண்ணூற்று அறுபது காலடி. அவளுக்கு நூறு காலடிக்கு ஒரு மூச்சு வேண்டும். ஒரு சோதனைக்காக அவளை முதல் வளைவு வரை மெல்லக் கூட்டிப்போனார். அங்கே தங்கமுடியின் மூச்சு ஒன்று இருந்தது. அதை வாங்கியதும் குருவம்மாளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வர இருமிவிட்டு, "வேற ஆளு சட்டையைப் போட்ட மாதிரி இருக்கு. பத்தல" என்றாள். இறங்கி வரும்போது, "முப்பத்தெட்டு வருசமா ஒரே வீட்டுல விட்ட மூச்சுன்னா ஒத்துக்கிடும்" என்று தனக்குச் சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்.

அவருடைய மூச்சு ஒன்றுகூட மேலே இல்லை. இருந்ததை எல்லாம் ஊர் வாங்கித் தீர்த்துவிட்டது. அவருக்கோ இப்போது மூச்சு இரைப்பதில்லை. மூன்று மாதம் பாடுபட்டுப் படித்த படிப்பெல்லாம் இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து விடும் என்று அவர் நினைக்கவில்லை. மறுநாள் முதல் வளைவில் நின்று வேண்டுமென்றே புஸ்புஸ் என்று மூச்சு விட்டுப் பார்த்தார். அடுத்த நாள் போனால் அங்கே காற்றுத்தான் இருந்தது. ஓடிப் பார்த்தார், இரண்டாம் வளைவில் முட்டி பிசகி நாலு நாள் வீட்டில் கிடந்தார்.

ஐந்தாம் நாள் நொண்டிக்கொண்டு தங்கமுடி கடைக்குப் போனார். அந்த வருஷத் தீபத்துக்குத் தங்கமுடிதான் பொறுப்பு.

"கொப்பரைக்கு எண்ணெய் ரெண்டு டின்னுதான?" என்றார் பொன்னுரங்கம்.

"ஆமாண்ணே. டின்னு பதினைஞ்சு கிலோ. பயலுகள விட்டுக் கம்புல கட்டித் தூக்கிரலாம்."

"ரெண்டையும் நான் தூக்கியாறேன்."

தங்கமுடி டம்ளர் எண்ணுவதை நிறுத்தினார். "என்னண்ணே, மாப்பிள்ளை முறுக்கா? அக்காகிட்டக் கேட்டீகளா?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தபடி, "முட்டி சரியானதும் தூக்குறேன். ஒண்ணொண்ணாத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

முதல் டின்னைத் தோளில் வைத்து ஏறியபோது அவர் மறுபடியும் ஆடி மாதத்து ஆள் ஆகிவிட்டார். அதே பதினேழு இடம், அதே இரைப்பு. மறுநாள் போய்ப் பார்த்தபோது பதினேழில் இரண்டுதான் மிச்சம் இருந்தது. பதினைந்தை ஊர் வாங்கிக்கொண்டு போய்விட்டது. டீக்கடையில் நாலு பேர் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். வாங்காதீர்கள் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம்தான். அவர் அந்த வாக்கியத்தை வீட்டில் ஒன்பது முறை சொல்லிப் பார்த்துவிட்டு, கடை வாசல் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்.

கார்த்திகைத் தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது இரண்டாவது டின்னைத் தூக்கினார். இந்தமுறை இடுப்பில் ஒரு கோன் வெள்ளை நூல் இருந்தது. நின்ற ஒவ்வொரு இடத்திலும் பக்கத்துச் செடியில் ஒரு முழம் நூல் கட்டினார், நூலில் எண் எழுதிய சீட்டைக் கோத்தார். மூச்சோடு நினைப்பும் தங்கிவிடும் என்பதால் நிற்கும்போது எண்ணைத் தவிர வேறு எதையும் நினைக்கக் கூடாது என்று கட்டுப்பாடாக இருந்தார். ஆறாம் இடத்தில் மட்டும் பழைய பொய் ஞாபகம் வந்துவிட்டது. அதை உதறிவிட்டு, ஏழு, எட்டு, ஒன்பது என்று சரியாகத்தான் வந்தார். பன்னிரண்டாம் இடத்தில் ஒரு மொட்டைப் பாறை. அங்கிருந்து பார்த்தால் கீழே அவர் வீட்டு ஓடு தெரியும், கொடியில் குருவம்மாளின் சேலை தெரியும். டின்னை இறக்கி வைத்து இரைத்துக்கொண்டே அந்தச் சேலையைப் பார்த்தார். இவள் போய்விட்டால் விடியற்காலம் நான் எதை எண்ணுவேன் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அவரால் திருப்பி எடுக்க முடியவில்லை. நூலைக் கட்டி, பன்னிரண்டு என்ற சீட்டைக் கோத்துவிட்டு மேலே போனார்.

ஊர் அந்த நூலைப் பார்த்தது. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

"இதுல பேரு வேற எழுதணுமாக்கும்? குருவம்மாக்காவுக்குத்தான். ஒரு பய கிட்டப் போகக் கூடாது" என்று மூக்காயி டீக்கடையில் சொன்னாள். அந்த இரண்டு நாளும் ஏறியவர்கள் எவ்வளவு இரைத்தாலும், வாசலில் ஈரக் கோலத்தைச் சுற்றிப் போவது போல நூல் கட்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தீபத்தன்று மதியம் இரண்டு மணிக்குக் குருவம்மாள் புறப்பட்டாள். ஒரு முழத் திரியை மஞ்சள் துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். பொன்னுரங்கம் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்தார். "வாயாலே பேசிக்கிட்டே ஏறணும். பேச முடியலன்னா வேகம் கூடுதல்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொடுத்தார். "மேலே பாக்காத. எதுக்க நாலு முழம் பாரு."

முதல் நூலுக்கு அருகில் அவள் நின்று மெல்ல உள்ளே இழுத்தாள். இருமல் வரவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் தோள் இரண்டும் இறங்கியதை அவர் பார்த்தார்.

"வேப்பங்குச்சி" என்றாள். "ஒண்ணு."

இரண்டு, மூன்று, நாலு என்று வந்தார்கள். நூற்றுப் பத்து காலடிக்கு ஒரு நூல். வழியில் கிடந்த ஆட்டுப் புழுக்கையை அவள் எண்ணினாள், பொன்வண்டை எண்ணினாள், எண்ணுவது தெரிந்து சிரித்தாள். ஆறாம் நூலில் மூச்சை வாங்கிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆடியில உச்சிக்குப் போயிட்டேன்னு சொன்னீங்கள்ல. மொத வாரம்."

"ம்."

"இந்தா, இம்புட்டுத் தூரந்தான் உச்சியா?"

அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "எட்டு நாளு" என்றார். "ஒன்பதாம் நாளு போயிட்டேன்."

"நான் அன்னிக்கே நெனச்சேன். உச்சிக்குப் போனவுக சட்டை இம்புட்டுச் சுத்தமாவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பன்னிரண்டாம் இடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. நூல் இருந்தது, சீட்டு இருந்தது. அவள் உள்ளே இழுத்தாள். காற்றுத்தான் வந்தது. இன்னொரு முறை இழுத்தாள்; நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. அப்படியே மொட்டைப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாறைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த டெய்லர் சவரிமுத்து முன்னால் வந்தார். அவர்களுக்காகவே காத்திருந்தார் போல இருந்தது.

"நேத்துச் சாயங்காலம் எனக்கு இந்த எடத்துல கண்ணு இருட்டிருச்சுண்ணே. சாகப் போறேன்னு நெனச்சேன். நூலு கட்டியிருக்குன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றார். பொன்னுரங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தார். "அதுல இருந்ததை யாருகிட்டயும் சொல்லலண்ணே. சொல்லவும் மாட்டேன்."

பொன்னுரங்கத்துக்குக் காது சூடாகிவிட்டது.

"என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள் குருவம்மாள், சொல்லுக்குச் சொல் நிறுத்தி.

"அளவுதான்க்கா" என்றார் சவரிமுத்து. "அண்ணனோட அளவு."

"உசுருக்கு ஆபத்துன்னா எடுத்துக்கிட வேண்டியதுதான். நல்லது பண்ணுன" என்றாள் அவள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

திரிக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக மேலே போனார்கள். என் மூச்சை வாங்கிக்கொள் அக்கா என்று ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். குருவம்மாள் கையை ஆட்டி அனுப்பினாள். வெயில் மஞ்சளாகியது. அவள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயைக் குவித்து, நெஞ்சு எழும்பி எழும்பித் தாழ உட்கார்ந்திருந்தாள். பொன்னுரங்கத்தின் உதடு தானாக அசைந்தது.

"எண்ணாதீங்க" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "இப்ப மட்டும் எண்ணாதீங்க."

அவர் உதட்டை மடித்துக்கொண்டார். சவரிமுத்து ஐந்தடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாருடைய சட்டைக்கோ காஜா எடுப்பதைப் போலப் புல்லைப் பின்னிக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் செய்யவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரம் ஆனது. இரைப்பு விசிலானது, விசில் சீறலானது, சீறல் மூச்சானது. யாருடையதும் இல்லை, அவளுடைய சொந்த மூச்சு, நேரம் எடுத்துக்கொண்டு அதன் வழியாக அதுவே வந்து சேர்ந்தது.

"போகலாம்" என்று எழுந்தாள்.

பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை ஐந்தும் இருந்தன. உச்சியிலோ பூசாரி தீப்பந்தத்தோடு நின்றார், சூரியன் மேற்குக் கரட்டைத் தொட்டுவிட்டது, ஊர் காத்திருந்தது. தங்கமுடி கொப்பரைக்குள் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"நூத்தி அறுபத்து மூணு. ஒண்ணு குறையுது" என்றார்.

"விளிம்புல பாருப்பா, கெடக்கும்" என்றார் பூசாரி.

"விளிம்பையும் சேத்துத்தான். இருங்க, முதல்ல இருந்து எண்ணுறேன்."

"ஏப்பா, நல்ல நேரம் போகுது. தீபம் ஏத்தணுமா, தணிக்கை பண்ணணுமா?"

"எண்ணிக்கை சரியில்லாம என்னால ஏத்த விட முடியாது" என்று தங்கமுடி மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் முறையும் நூற்று அறுபத்து மூன்று. மூன்றாம் முறை தொண்ணூறைத் தாண்டியபோது, கூட்டத்தின் பின்னாலிருந்து மூக்காயி வழி விடச் சொல்லும் குரல் கேட்டது. குருவம்மாள் வந்து, மஞ்சள் துணியைப் பிரித்து, திரியைக் கொப்பரையின் நடுவில், எண்ணெய்க்குள் விரல் நனையும்படி வைத்தாள்.

தங்கமுடி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "நூத்தி அறுபத்து நாலு" என்றார். "ஏத்துங்க சாமி."

தீ நடுவில்தான் முதலில் பிடித்தது.

இறங்கும்போது இளவட்டங்கள், ஓடிப்போய் எடுத்துவந்த நாற்காலியில் வைத்து அவளைத் தூக்கி வந்தார்கள். நிற்காமல் ஓடுகிறவர்களும் எதற்காவது வேண்டியிருக்கிறது என்று ஊர் ஒத்துக்கொண்டது.

மறுநாள் விடியற்காலம் குருவம்மாள் அசந்து கிடந்தாள். பொன்னுரங்கம் எண்ணினார், இருபத்தொன்று, எழுதினார், ஷூவைப் போட்டுக்கொண்டு கரட்டில் ஏறினார். கையில் சுமை இல்லை, நிற்கத் தேவையும் இல்லை. ஒவ்வொரு நூலாக அவிழ்த்துக் கோனில் சுற்றிக்கொண்டே போனார். பன்னிரண்டாம் இடத்தில் நூலை அவிழ்க்கக் குனிந்தபோது பஞ்சு வாசம் வந்தது, அதற்குப் பின்னால் யூக்கலிப்டஸ் தைலத்தின் வாசம். மொட்டைப் பாறைக்கு மேலே, உட்கார்ந்த ஆளின் முகத்தின் உயரத்தில், அவளுடைய மூச்சு நின்றுகொண்டிருந்தது.

கேட்காமல் எடுப்பது சரியா என்று அவர் கொஞ்ச நேரம் பாறையில் கை வைத்து நின்றார். ஊர் ஏறி வரும் நேரம் நெருங்கியது. வேறு யாருக்கோ போவதற்கு நமக்கே போகட்டும் என்று மெல்ல உள்ளே வாங்கினார்.

முதலில் நெஞ்சு இறுகியது. இப்படித்தான் அவளுக்குத் தினமும் இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குப் பின்னால் அவள் நினைப்பு வந்தது. விடியற்காலம். அவர் எழுந்திருக்கும் முன்பே அவள் விழித்திருக்கிறாள். ஸ்டூல் வைக்கிற சத்தம் கேட்கிறது. சத்தமில்லாமல் வைப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். நெஞ்சு வேகமாக இழுக்கப் பார்க்கிறது, அவள் அதைப் பிடித்து நிறுத்துகிறாள். மெதுவாக ஒன்று, பொறுத்து இன்னொன்று, வலிக்க வலிக்கப் பொறுத்து மூன்றாவது. ஒரே ஒரு நிமிஷம்தானே, இந்த மனுஷனுக்கு நல்ல எண்ணாக வரட்டும், எழுதிவிட்டு நிம்மதியாக நடக்கப் போகட்டும். அவர் நோட்டை மூடுகிற சத்தம் கேட்ட பிறகு அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, இரைக்க வேண்டியதை எல்லாம் சேர்த்து இரைக்கிறாள்.

ஒன்பது வருஷம். பதினொரு நோட்டு. மூவாயிரத்து முந்நூற்று எண்பத்தொரு வரி. டாக்டரம்மா சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

பொன்னுரங்கம் அன்றைக்கு உச்சிக்குப் போகவில்லை. பாறையிலேயே உட்கார்ந்து, ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும் இறங்கிவிட்டார். மிச்சம் ஐந்து நூல் செடியிலேயே கிடந்தது.

அடுத்த நாள் ஐந்து மணிக்கு எழுந்தார். ஸ்டூலைத் தொடவில்லை. குருவம்மாள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மூச்சு மெதுவாக, ஒழுங்காக, ஒன்று போட்டு ஒன்று எடுத்து வைத்தது போல வந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலைத் தாண்டி வாசலுக்குப் போய், ஷூ இரண்டையும் தரையில் கேட்கும்படி தட்டி, படியில் உட்கார்ந்து கயிற்றைக் கட்டினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னங்க, இன்னிக்கு எண்ணலயா?"

அவர் முடிச்சை இறுக்கினார். "அப்பவே எண்ணிட்டேன்" என்றார். "இருபது."

கட்டில் கிரீச்சிட்டது, அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் இரைப்புச் சத்தம் வாசல் வரை வந்தது. அதற்கு இஷ்டமான வேகத்தில் அது வந்துகொண்டிருக்க, பொன்னுரங்கம் எழுந்து, நோட்டைத் திறந்து, கூசாமல் இருபது என்று எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கரட்டுப் பக்கம் நடந்தார்.